மணாலி–லே நெடுஞ்சாலையும் அதன் கிளை வழிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தச் சாலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

இமாச்சலப் பிரதேசத்தின் மணாலியிலிருந்து லடாக்கின் லே நகரம் வரை. எண்ணைச் சொன்னால் தேசிய நெடுஞ்சாலை 3. அது பஞ்சாப் எல்லையில் அட்டாரியில் ஆரம்பித்து அமிர்தசரஸ், மண்டி, குல்லு வழியாக மணாலிக்கு ஏறி வருகிறது. மணாலிக்கு வடக்கே உள்ள பகுதியைத்தான் எல்லோரும் மணாலி–லே ரோடு என்கிறார்கள். ரோத்தாங் கணவாய்க்கு அடியில் போகும் அடல் சுரங்கப்பாதை வருவதற்கு முன்னால் ஏறத்தாழ 475 கிலோமீட்டர், இப்போது 430 சொச்சம்.

வழியை மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள், மற்ற பதில்கள் எல்லாம் இதை வைத்துத்தான் இருக்கும். மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரம். சுரங்கப்பாதையைக் கடந்தால் சிஸ்ஸு, தாண்டி (ஊர்ப் பெயர்தான்), கேலாங் (3,080 மீ.), ஜிஸ்பா, தார்ச்சா. அங்கிருந்து ஏறினால் பாராலாச்சா லா (4,850 மீட்டரைச் சுற்றி, லா என்றால் கணவாய்தான்), இறங்கினால் சர்ச்சு (4,290 மீ.). அப்புறம் 21 வளைவுகள் கொண்ட கட்டா லூப்ஸ், நக்கீ லா, லாச்சுலுங் லா (5,060 மீ. அளவில்), பாங் (4,600 மீ.), மோரே சமவெளி, தங்லங் லா (5,328 மீ.). அதன் பிறகு ரும்சே, உப்ஷி, காரு என்று இறங்கி லே (3,500 மீ.).

430 கிலோமீட்டர்தானே, விடியற்காலையில் கிளம்பினால் ராத்திரிக்குள் போய்விட மாட்டோமா?

போகலாம். சிலர் போகவும் செய்கிறார்கள். ஆனால் தூரத்தை வைத்து இந்தச் சாலையைக் கணக்குப் போடுவதுதான் முதல் தப்பு.

தார்ச்சாவுக்கும் உப்ஷிக்கும் நடுவில் கிட்டத்தட்ட 280 கிலோமீட்டர். அந்தத் தூரம் ஏறக்குறைய முழுவதும் 4,000 மீட்டருக்கு மேலேயே ஓடுகிறது. நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான், அதை நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வழியில் ரும்சே வரும்வரை நிரந்தரமான ஊர் என்று எதுவும் கிடையாது. சீசனில் முளைக்கும் டென்ட் தாபாக்கள், ராணுவ முகாம்கள், சாலை போடும் தொழிலாளர்கள், மோரே பக்கம் ஆடு மேய்க்கும் சாங்பா மக்கள், அவ்வளவுதான்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. மலையில் உடம்புக்கு முடியாமல் போனால் எல்லோரும் சொல்லும் வைத்தியம் "உடனே கீழே இறங்கு" என்பது. சர்ச்சுவிலோ பாங்கிலோ மாட்டிக்கொண்டால் கீழே இறங்க வழியே இல்லை, ஏனென்றால் எந்தப் பக்கம் போனாலும் முதலில் ஏறியாக வேண்டும்: தெற்கே பாராலாச்சா, வடக்கே லாச்சுலுங், அப்புறம் தங்லங். சர்ச்சு வழியாக ஓடும் சராப் ஆறு என்னவோ சன்ஸ்கர் பள்ளத்தாக்கு பக்கம் இறங்கிப் போகிறது, ஆனால் அதன் கரையோடு வண்டிப் பாதை இல்லை. மோசமான ரோடு, தண்ணீர், லாரி எல்லாம் சமாளிக்கக்கூடிய சங்கதிகள். இந்தப் பயணத்தைத் திட்டமிடுவது என்றால் தார்ச்சா–உப்ஷி துண்டை எப்படிக் கடப்பது என்று திட்டமிடுவதுதான்.

சரி, எப்படிக் கடப்பது? ராத்திரி எங்கே தங்கலாம்?

மணாலியிலிருந்து போகிறீர்கள் என்றால் என் பதில் எப்போதும் ஒன்றுதான்: சர்ச்சுவில் தூங்காதீர்கள். டூர் பாக்கேஜ்களில் முதல் நாள் கேலாங் அல்லது நேராகவே சர்ச்சு என்று போட்டிருப்பார்கள், பாதி வழி அது, கூடாரங்களும் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் 2,050 மீட்டரில் எழுந்தவன் அன்று ராத்திரியே 4,290 மீட்டரில் படுத்தால் தலை வெடிக்காமல் என்ன செய்யும்? 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. பகலில் எவ்வளவு ஏறினோம் என்பதைவிட எங்கே தூங்கினோம் என்பதுதான் கணக்கு.

அதனால் கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரண்டு ராத்திரி இருங்கள். பகா ஆற்றங்கரை, அருமையான இடம், நேரம் வீணாகிறது என்று தோன்றாது. மூன்றாம் நாள் விடியற்காலை நாலு மணி, நாலரைக்கெல்லாம் கிளம்பி ஒரே மூச்சில் லே போய்விடுங்கள். ஜிஸ்பாவிலிருந்து 330 கிலோமீட்டர் இருக்கும், பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும், சாலை கெட்டிருந்தால் இன்னும் கூட. களைப்பாகத்தான் இருக்கும், ஆனால் தூங்குவது 3,500 மீட்டரில்.

நீண்ட நேரம் ஓட்ட முடியாது என்பவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், இவர்களுக்கு நடுவில் தங்காமல் வேறு வழியில்லை. சைக்கிள்காரர்கள் ஒரு வாரம், பத்து நாள் எடுத்து மெல்ல ஏறுவதால் அவர்கள் உடம்பு கொஞ்சம் பழகிவிடும். காரில் விரைந்து ஏறுகிறவனுக்குத்தான் ஆபத்து அதிகம். பாங்கில் தங்குவதை மட்டும் ஏறும்போது யோசிக்கவே வேண்டாம்.

லேயிலிருந்து மணாலிக்குத் திரும்புகிறவர்களுக்கு இதே சர்ச்சு பிரச்சினை இல்லை. லடாக்கில் சில நாள் இருந்து பழகிய உடம்பு தாங்கும்.

அப்படியென்றால் எந்தத் திசையில் போவது நல்லது?

ஸ்ரீநகர் வழியாக ஏறி மணாலி வழியாக இறங்குங்கள். ஸ்ரீநகர்–லே சாலை தேசிய நெடுஞ்சாலை 1, சுமார் 420 கிலோமீட்டர். சோனாமார்க், ஸோஜி லா, திராஸ், கார்கில், முல்பெக், லாமாயூரு, கல்ட்சே, நிம்மு, லே. இந்த வழியில் மிக உயரமான இடம் ஃபோட்டு லா, 4,108 மீட்டர். பெயர் பெற்ற ஸோஜி லா வெறும் 3,528 மீட்டர்தான். ராத்திரி தங்கும் கார்கில் 2,676 மீட்டர். படிப்படியாக ஏறுகிற சாலை, நடுவில் ஊர்கள், ஆஸ்பத்திரி, பங்க் எல்லாம் உண்டு. கார்கிலில் படுத்து லாமாயூருவில் இன்னொரு ராத்திரி தங்கினால் லேவுக்குப் போய்ச் சேரும்போது பாதி பழகியிருப்பீர்கள்.

ஸோஜி லா உயரம் குறைவு என்று அலட்சியம் வேண்டாம். பனிச்சரிவும் மண்சரிவும் அங்கே அதிகம், செங்குத்தான பள்ளத்தை ஒட்டிய குறுகலான சாலை, போக்குவரத்தை ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டும் விடுவதும் உண்டு. காலையில் சோனாமார்க்கில் விசாரித்துவிட்டு ஏறுங்கள். சோனாமார்க்குக்கு முன்னால் உள்ள 6.5 கிலோமீட்டர் சுரங்கப்பாதை 2025 ஜனவரியில் திறந்தாகிவிட்டது. ஸோஜி லாவுக்குக் கீழே போகும் பெரிய சுரங்கப்பாதை வேலை நடந்துகொண்டிருக்கிறது. கிளம்பும் முன் காஷ்மீர் நிலவரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலை நோய் வந்தால் எப்படித் தெரியும்?

தலைவலி, வாந்தி வருவது போன்ற உணர்வு, பசியின்மை, தூக்கம் வராமை. ஓரளவுக்கு இது எல்லோருக்கும் வரும். தங்லங் லாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியை ஒட்டித்தான் இருக்கிறது, உடம்பு முனகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பயப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, இருமலில் நுரை வருகிறது என்றால் நுரையீரலில் நீர் கோர்க்கிறது. தள்ளாடுகிறான், நேர்கோட்டில் நடக்க முடியவில்லை, சம்பந்தமில்லாமல் பேசுகிறான் என்றால் மூளையில் வீக்கம். இரண்டுமே ஆளைக் கொல்லும், விடியட்டும் பார்க்கலாம் என்று படுக்க வைக்கக் கூடாது. பாங்கிலும் சர்ச்சுவிலும் ராணுவ முகாம்கள் இருக்கின்றன, ஆபத்து நேரத்தில் தயங்காமல் போய்க் கேளுங்கள், அப்புறம் வண்டியைத் திருப்பி எந்தப் பக்கம் சீக்கிரம் இறங்க முடியுமோ அந்தப் பக்கம் போங்கள்.

டயமாக்ஸ் மாத்திரையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். பயன் தரும் மருந்துதான், ஆனால் சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது, எனவே ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். அது பழகும் வேகத்தைக் கூட்டும், அவ்வளவே. அதைப் போட்டுக்கொண்டு சர்ச்சுவில் தூங்கலாம் என்று பொருளில்லை. கற்பூரம் முகர்வது, பூண்டு சூப் எல்லாம் மனத் திருப்திக்கு. முதல் இரண்டு நாள் மது வேண்டாம். "ஆஃப்டர் விஸ்கி, டிரைவிங் ரிஸ்கி" என்று சாலைப் பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், உயரத்தில் ஓட்டாதவனுக்கும் அது ரிஸ்க்தான்.

பெட்ரோல்?

தாண்டியில் நிரப்புங்கள். சந்திராவும் பகாவும் கலந்து சீனாப் ஆறாக மாறும் இடத்தை ஒட்டிய சின்ன ஊர். அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்று அங்கே வைத்த பலகை பிரபலம், அதன் முன்னால் படம் எடுக்காதவர் குறைவு. அது லே வரைக்குமான கணக்கு. லேவுக்கு 35 கிலோமீட்டர் முன்னால் காருவில் பங்க் இருக்கிறது, அதனால் 330 கிலோமீட்டருக்குப் போதுமான எரிபொருள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் உயரத்தில் முதல், இரண்டாம் கியரிலேயே ஏறுவதால் மைலேஜ் விழும். கார்களுக்கு ஒரு முழு டேங்க் போதும். பைக்காரர்கள் ஐந்து லிட்டர் கேன் ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வழியில் தாபாக்களில் பாட்டிலில் விற்பார்கள், விலையும் தரமும் அவர்கள் இஷ்டம்.

போன் வேலை செய்யுமா?

நம்மூர் பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. வெளி மாநில எண் என்றால் போஸ்ட்பெய்டு மட்டும்தான். கிளம்பும் முன் மாற்றிக்கொள்ளுங்கள், இது தெரியாமல் லேயில் போய் விழிப்பவர்கள் நிறையப் பேர். ஜிஸ்பாவைத் தாண்டினால் உப்ஷி வரைக்கும் பெரும்பாலும் சிக்னல் இருக்காது என்று நினைத்தே புறப்படுங்கள். வீட்டில் "நாளை ராத்திரி வரை போன் வராது, பயப்பட வேண்டாம்" என்று சொல்லிவிடுவது உங்களுக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது. வரைபடத்தைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மணாலியிலும் கேலாங்கிலும் பணம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சிக்னல் இல்லாத தாபாவில் ஜிபே எப்படி வேலை செய்யும்?

எப்போது திறந்திருக்கும்? எந்த மாதம் நல்லது?

பனியைப் பொறுத்தது. பொதுவாக மே, ஜூனிலிருந்து அக்டோபர் வரை. எல்லைச் சாலைகள் அமைப்பு (பி.ஆர்.ஓ.) சில ஆண்டுகளில் அதற்கும் முன்னதாகவே பனியை வெட்டித் திறந்துவிடுகிறது, ஆனால் "திறந்துவிட்டார்கள்" என்ற செய்தி முதலில் ராணுவ வண்டிகளுக்கும் சங்கிலி கட்டிய நாலு சக்கர இழுவை வண்டிகளுக்கும்தான் பொருந்தும். சர்ச்சு வரைக்கும் தீபக் திட்டம், அதற்கு அப்பால் ஹிமாங்க் திட்டம் என்று அந்த அமைப்பின் இரண்டு பிரிவுகள் சாலையைப் பார்த்துக்கொள்கின்றன.

ஜூனில் பாராலாச்சாவில் இருபுறமும் பனிச் சுவர் பார்க்கலாம், கூடவே உருகும் தண்ணீரும் சேறும். ஜூலை, ஆகஸ்டில் லடாக் பக்கம் மழை குறைவு, அது மழை மறைவுப் பகுதி. சிக்கல் எல்லாம் மணாலிக்குக் கீழேதான். மண்டி–குல்லு–மணாலி சாலையில் மண்சரிவு வருடா வருடம் நடக்கிறது, 2023 ஜூலையில் பியாஸ் ஆறு சாலையைத் துண்டு துண்டாகத் தின்றுவிட்டுப் போனது. என்னைக் கேட்டால் செப்டம்பர். மழை ஓய்ந்திருக்கும், ஓடைகளில் தண்ணீர் இறங்கியிருக்கும், வானம் துடைத்தது போல இருக்கும், கூட்டமும் கலைந்திருக்கும். குளிர் மட்டும் ராத்திரியில் கடிக்கும்.

ஓடைகளைக் கடப்பது அவ்வளவு கஷ்டமா?

முன்பு போல இல்லை, பல இடங்களில் பாலம் வந்துவிட்டது. இருக்கிற சிலவற்றுக்கு ஒரே சூத்திரம்: காலையில் கடந்துவிடுங்கள். வெயில் ஏற ஏறப் பனி உருகி மதியத்துக்கு மேல் தண்ணீர் கூடும். காலையில் கணுக்காலளவு ஓடியது மாலையில் சைலன்சரை மூழ்கடிக்கும். முன்னால் போகும் லாரி எந்தத் தடத்தில் போகிறது என்று பார்த்து அதே தடத்தில் போங்கள்.

ரோத்தாங் பர்மிட் வேண்டுமா?

லே போக வேண்டாம். 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபர் 3 அன்று திறந்த பிறகு ரோத்தாங் கணவாயை (3,978 மீ.) ஏற வேண்டிய அவசியமே இல்லை. சுமார் 46 கிலோமீட்டர் மிச்சம், நேரத்தில் அதைவிட அதிகம். ஆசைக்காக ரோத்தாங் மேலே போகிறவர்களுக்குத்தான் பர்மிட். சுரங்கத்துக்குள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்தால் அபராதம், கேமரா இருக்கிறது. இந்தச் சுரங்கத்தை வெறும் சுற்றுலா வசதியாகப் பார்க்கக் கூடாது, ரோத்தாங் மூடினால் மாதக்கணக்கில் வெளியுலகத் தொடர்பே அறுந்து கிடந்த, சுரங்கத்துக்கு அந்தப் பக்கமுள்ள லாஹுல் பள்ளத்தாக்கு மக்களுக்கு இது உயிர்நாடி.

தார்ச்சா போன்ற செக்போஸ்டுகளில் பெயரும் வண்டி எண்ணும் எழுதிக்கொள்வார்கள். பிற்பகலுக்கு மேல் மேலே விடாமல் நிறுத்துவதும் உண்டு. சண்டை போடாதீர்கள், அது உங்கள் நன்மைக்குத்தான்.

ஷிங்கு லா வழி திறந்துவிட்டது என்கிறார்களே?

ஆமாம், இப்போது இருக்கும் கிளை வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். தார்ச்சாவில் இடது பக்கம் பிரிந்து ஷிங்கு லாவைத் தாண்டி, சன்ஸ்கர் பள்ளத்தாக்கின் பதும் வழியாக, சன்ஸ்கர் ஆற்றின் கரையோடு போய் நிம்முவில் ஸ்ரீநகர்–லே சாலையில் சேர்கிறது. மொத்தம் 298 கிலோமீட்டர். 2024 மார்ச்சில்தான் முழுத் தொடர்பும் கிடைத்தது. முன்பு சொன்ன 280 கிலோமீட்டர் பொறி இங்கே கிடையாது, பெரிய கணவாய் ஒன்றே ஒன்றுதான். 5,000 மீட்டரைத் தாண்டிய உயரம், ஆனால் ஏறி இறங்கினால் முடிந்தது, அப்புறம் கிராமங்கள் வரும், உடம்பு சரியில்லை என்றால் இறங்கிக்கொண்டே போகலாம். அந்தக் கணவாய்க்கு அடியிலும் 4.1 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டும் வேலை 2024 ஜூலையில் தொடங்கியது. அது முடிந்தால் லேவுக்கு ஆண்டு முழுவதும் போகும் சாலையாக இதுதான் இருக்கும் என்பது திட்டம்.

சாலை இன்னும் எல்லா இடத்திலும் சீராக இல்லை. கார்காரர்கள் முந்தைய நாள் போய் வந்தவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். பதுமிலிருந்து பென்சி லா (4,400 மீ.), ரங்தும் வழியாகக் கார்கிலுக்கும் ஒரு சாலை போகிறது. வழியில் திராங்-துருங் பனியாறு சாலையிலிருந்தே தெரியும்.

ஸ்பிதி பள்ளத்தாக்கையும் சேர்த்துப் பார்க்க முடியுமா?

முடியும், நாள் இருந்தால். சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாக நாக்கோ, தாபோ, காஸா என்று மெல்ல ஏறி, குன்சும் லா (4,550 மீட்டருக்கு மேல்) தாண்டி, பாட்டல், கிராம்பூ வழியாக சுரங்கப்பாதையின் வடக்கு வாசலுக்குப் பக்கத்தில் வந்து சேரலாம். அங்கிருந்து கேலாங், லே. காஸாவில் (3,650 மீ.) தங்கிவிட்டு வருவதால் உடம்பு தயாராக இருக்கும், மணாலி வழியில் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. பாட்டலுக்கும் கிராம்பூவுக்கும் நடுவில் உள்ளதை ரோடு என்று சொல்ல மனசு வராது, கல்லும் தண்ணீரும்தான். குன்சும் லா கோடை மாதங்களில் மட்டும் திறந்திருக்கும்.

தாண்டியிலிருந்து கிஷ்த்வார் போகும் பாதை?

உதய்பூர், கில்லார் வழியாக சீனாப் ஆற்றோடு போகிறது. கில்லாருக்கும் கிஷ்த்வாருக்கும் நடுவில் பாறையைக் குடைந்த ஒற்றைத் தடம், ஒரு பக்கம் தலைக்கு மேல் பாறை, மறுபக்கம் அதலபாதாளம். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் ரிவர்ஸ் எடுத்தாக வேண்டும். முதல் மலைப் பயணத்துக்கு வேண்டாம்.

தங்லங் லாவைத் தவிர்க்க வழி உண்டா?

உண்டு. மோரே சமவெளி முடியும் இடத்தில் தெப்ரிங் அருகே வலப்பக்கம் திரும்பினால் சோ கார் ஏரி, அங்கிருந்து போலோகோங்கா லா, பூகா, மாஹே பாலம், வெந்நீர் ஊற்றுகள் உள்ள சுமாதாங், பிறகு சிந்து நதியோடு உப்ஷி. சுற்றுதான், ஆனால் சோ மோரிரி ஏரிக்கும் இதே வழியில்தான் பிரிய வேண்டும் என்பதால் அதைப் பார்க்க நினைப்பவர்களுக்குச் சரியான பாதை. வெளிநாட்டவருக்கு இந்தப் பக்கம் தனி அனுமதி தேவை.

மணாலியில் வாடகைக்கு எடுத்த பைக்கில் கார்துங் லா, பாங்காங் ஏரி எல்லாம் போகலாமா?

லே வரைக்கும் வரலாம். அதற்கு மேல் உள்ளூர் சங்கங்கள் வெளியூர் வாடகை வண்டிகளை விடுவதில்லை, நிறுத்திவிடுவார்கள். லேயில் இன்னொரு பைக் எடுத்துக்கொள்ள வேண்டும். சொந்த வண்டி என்றால் ஆர்.சி. புத்தகத்தில் உங்கள் பெயர் இருக்கட்டும்.

கார்துங் லாதான் உலகிலேயே உயரமான சாலை என்று பலகை சொல்லும், 18,380 அடி என்று. உண்மையில் 5,359 மீட்டர், அதாவது 17,600 அடிக்குக் கொஞ்சம் கீழே. தங்லங் லாவைவிட 31 மீட்டர்தான் கூடுதல். உம்லிங் லா சாலை 19,024 அடியில் இருக்கிறது. பலகை முன்னால் படம் எடுத்துக்கொள்வதற்கு இதெல்லாம் தடையில்லை.

சின்ன கார் போதுமா? பஸ் உண்டா?

ஆல்ட்டோவே போய் வருகிறது. அடிப்பகுதி உரசாமல் ஓட்டத் தெரிந்தால் போதும், ஸ்டெப்னியும் பிரேக்கும் சரியாக இருக்கட்டும். டர்போ இல்லாத இன்ஜின் மேலே திணறும், பயப்படாதீர்கள், அதற்கும் ஆக்சிஜன் பற்றாக்குறைதான்.

கோடையில் இமாச்சல அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் டில்லி–லே பஸ் ஓடுகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், சாதாரண பஸ், ஒரு நாளைத் தாண்டி ஓடும். ஏறுவதானால் கேலாங்கில் இறங்கி இரண்டு ராத்திரி தங்கிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள். ஜன்னலோர இடம் கிடைத்தால் லே நோக்கிப் போகும்போது இடது பக்கமா வலது பக்கமா என்று கேட்கிறார்கள், 21 வளைவுகளில் இரண்டு பக்கமும் மாறி மாறி வரும்.

கட்டா லூப்ஸில் பாட்டில்கள் குவிந்து கிடக்கின்றனவே, எதற்கு?

பனியில் மாட்டிக்கொண்டு தாகத்தில் செத்துப்போன லாரி கிளீனர் ஒருவரின் ஆவி அங்கே தண்ணீர் கேட்கிறது என்று கதை. அதனால் தண்ணீர் பாட்டில், சிகரெட் எல்லாம் வைத்துவிட்டுப் போகிறார்கள். நம்பிக்கை இருந்தால் பாட்டிலைத் திறந்து தண்ணீரைக் கல்லின் மேல் ஊற்றிவிட்டு, காலி பிளாஸ்டிக்கை வண்டியில் போட்டுக்கொண்டு லேயில் குப்பைத்தொட்டியில் போடுங்கள்.